பழனி மலை அடிவாரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பட்டாளம்

மூடி முரண்டு பிடித்தது. குவாலிட்டி ஸ்ட்ரீட் சாக்லேட் வந்த பெரிய தகர டப்பா. ஊதா நிறம் மங்கி, விளிம்பில் துரு ஏறியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதும் முதலில் வெளியே வந்தது வாசனை. எனாமல் பெயின்ட், டர்பன்டைன், மக்கிய செய்தித்தாள். அம்மா வீட்டுப் பரணை ஒழிக்க ஏறியவர், வந்த வேலையை விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கீழேயிருந்து அம்மா கூப்பிட்டது காதில் விழவில்லை.

இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்ட அவர் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்து வளர்ந்தவர். பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவைக்கு ஆள் போதாமல் இந்திய டாக்டர்கள் வரிசையாகப் போய்ச் சேர்ந்த 1960-களில், கும்பகோணத்திலிருந்து போனவர் அவருடைய அப்பா. தெருவில் மற்றப் பையன்கள் கால்பந்து உதைத்துக்கொண்டிருந்த மாலைகளில், இந்தப் பையன் மட்டும் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, ஒரு அங்குல உயரச் சிப்பாய்க்கு பெல்ட் வரைந்துகொண்டிருந்தான்.

டப்பாவின் மேலடுக்கில் ஏர்ஃபிக்ஸ் பிளாஸ்டிக் சிப்பாய்கள் கிடந்தார்கள். அடியில் வண்ணத் தூள். சிவப்பும் நீலமும் வெள்ளையுமாகக் குங்குமச் சிமிழைக் கொட்டிவிட்ட மாதிரி. அந்த வீரர்கள் வளையும் பாலித்தீனில் வார்க்கப்பட்டவர்கள். எவ்வளவு பார்த்துப் பூசினாலும் துப்பாக்கிமுனை லேசாக வளைந்தால் போதும், பெயின்ட் செதில் செதிலாக உதிரும். அதற்குப் பையன்களிடையே வைத்தியங்கள் பல உலவின. பாத்திரம் கழுவும் சோப்பில் ஊறவைக்க வேண்டும் என்றான் ஒருவன். பூசுவதற்கு முன்னும் பின்னும் வெள்ளைப் பசை தடவ வேண்டும் என்றான் இன்னொருவன். எல்லாம் சில வாரங்களுக்குத்தான்.

ஏர்ஃபிக்ஸின் கதை வேடிக்கையானது. ஹங்கேரியிலிருந்து வந்த நிக்கோலஸ் கோவ் 1939-இல் தொடங்கியது, காற்றடைத்த ரப்பர் பொம்மைகளுக்காக. பிறகு சீப்பு செய்தார்கள். 1949-இல் ஃபெர்குசன் டிராக்டர் கம்பெனி விற்பனையாளர்களுக்குக் கொடுக்க ஒரு சின்ன டிராக்டர் மாதிரி கேட்டது. அதிலிருந்து பாதை திரும்பி, 1952-இல் ‘கோல்டன் ஹைண்ட்’ கப்பலைத் துண்டுதுண்டாகப் பையில் போட்டு வூல்வொர்த்ஸ் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றார்கள். பையனுக்குச் சிப்பாய்கள் கிடைத்ததும் அதே வூல்வொர்த்ஸில்தான். சனிக்கிழமை அம்மா நூல்கண்டும் பொத்தானும் தேடும் நேரத்தில் அவன் பெட்டிகளின் மேல்படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். படத்தில் புகையும் நெருப்பும் பாயும் குதிரையும் இருக்கும். பெட்டிக்குள் ஒரே நிறத்தில் நாற்பது சொச்சம் ஆட்கள். நடுவில் உள்ள தூரத்தை அவன்தான் நிரப்ப வேண்டும். அந்த வூல்வொர்த்ஸ் கடைகள் 2009 ஜனவரியோடு பிரிட்டனில் இல்லாமல் போயின.

விளையாட்டு என்று ஒன்று இருப்பது நூலகத்தில்தான் தெரிந்தது. டொனால்ட் ஃபெதர்ஸ்டன் 1962-இல் எழுதிய ‘வார் கேம்ஸ்’ புத்தகம் அட்டை கிழிந்து, பல கைகள் பட்டு வந்தது. சிப்பாய்களை வரிசையாக நிறுத்திவிட்டு வாயால் ‘டுமீல்’ சொல்லும் விளையாட்டில்லை அது. யார் எத்தனை அங்குலம் நகரலாம், எத்தனை அங்குலம் சுடலாம், பகடையில் என்ன விழுந்தால் எத்தனை பேர் சாய்வார்கள் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. எழுதியவர் இரண்டாம் உலகப்போரில் டாங்கிப் படையில் இருந்தவர். பிழைப்புக்கு சவுத்தாம்ப்டனில் பிசியோதெரபிஸ்ட். இந்த இரண்டாவது தகவல்தான் வீட்டில் உதவியது. “ஆஸ்பத்திரிக்காரர்தான் எழுதியிருக்காருப்பா” என்று பையன் சொன்னதும், அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நாலு பக்கம் படித்தார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “தாயக்கட்டம்தானே, இதுக்கா இவ்வளவு பெரிய புஸ்தகம்?” என்றாள்.

அம்மா சொன்னதில் தப்பில்லை. ஆனால் இந்தத் தாயக்கட்டத்துக்குப் பின்னால் பெரிய பெரிய ஆட்கள் இருந்திருக்கிறார்கள். பிரஷ்ய மன்னருக்கு 1812-இல் ரைஸ்விட்ஸ் என்பவர் இழுப்பறைகள் வைத்த ஒரு மேசையையே செய்து கொடுத்தார்; ஆறும் காடும் மேடும் பதித்த சதுரங்களை எடுத்து அடுக்கினால் போர்க்களம் தயார். அவருடைய மகன் அதை வரைபடமும் பகடையுமாகச் சுருக்கி 1824-இல் விதிகளை அச்சிட்டபோது பிரஷ்ய ராணுவமே பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தில் அதைத் தரையில் உட்கார்ந்து ஆடும் விளையாட்டாக்கியவர் ‘கால இயந்திரம்’ எழுதிய எச். ஜி. வெல்ஸ். பிரிட்டன்ஸ் நிறுவனம் ஒரு பொம்மைப் பீரங்கி விற்றது. ஸ்பிரிங் வைத்து மரத்துண்டைச் சுடும். ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பின் நண்பர் ஒருவர் அதை எடுத்துப் பொம்மை வீரனைக் குறிபார்த்து அடிக்க, அங்கே பிடித்த சுவாரசியம் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற புத்தகமாக முடிந்தது. நிஜப் போர் எத்தனை மடத்தனமானது என்பது மேசைப் போரை மூன்று நாலு முறை ஆடினாலே புரிந்துவிடும் என்ற தொனியில்தான் வெல்ஸ் அதை முடிக்கிறார். அடுத்த வருடமே உலகப்போர் மூண்டது.

டப்பாவின் நடு அடுக்கில் ‘நாட்டிங்ஹாம் ஈவினிங் போஸ்ட்’ தாளில் சுற்றிய உலோக வீரர்கள் இருந்தார்கள். கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும், கனம். பிளாஸ்டிக்கிலிருந்து உலோகத்துக்கு மாறுவது அந்தக் காலத்துப் பையன்களுக்கு அரைக்கால் சட்டையிலிருந்து முழுக்கால் சட்டைக்கு மாறுகிற காரியம். சவுத்தாம்ப்டனில் மினிஃபிக்ஸ், யார்க்‌ஷரில் ஹிஞ்ச்லிஃப் என்று சிறு கம்பெனிகள் வார்த்து விற்றன. தபாலில் பட்டியல் வரும், படம் அநேகமாக இருக்காது. ‘ஃபிரெஞ்சு காலாள், நடக்கிறார்’, ‘ஃபிரெஞ்சு காலாள், சுடுகிறார்’ என்று பெயரும் எண்ணும் விலையும்தான். போஸ்டல் ஆர்டர் வாங்கி அனுப்பிவிட்டு, 28 நாள் பொறுக்கவும் என்ற அச்சடித்த வரியை நம்பிக் காத்திருக்க வேண்டும். பள்ளிவிட்டு வந்ததும் பையன் வாசல் பாயைத்தான் முதலில் பார்ப்பான்.

அவற்றைச் செய்கிற விதம் அவனை மயக்கியது. சிற்பி முதலில் கம்பியை வளைத்து ஓர் எலும்புக்கூடு செய்கிறார். அதன்மேல் இரண்டு பகுதிப் பிசினைப் பிசைந்து அப்பி, ஊசியாலும் பல்மருத்துவர் கருவியாலும் முகமும் மடிப்பும் கொண்டுவருகிறார். அந்த மூல உருவத்தை இரண்டு வட்ட ரப்பர் தட்டுகளுக்கு நடுவில் வைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைத்தால் அச்சு கிடைக்கிறது. அச்சைச் சுழலவிட்டு நடுத்துளையில் உருக்கிய உலோகத்தை ஊற்ற, சுழற்சியின் வேகத்தில் அது விரல்நுனி வரை பாய்ந்துவிடும். கொஞ்சம் பிசிர் நிற்கும். அரத்தால் தேய்ப்பது வாங்கியவன் பொறுப்பு.

உலோகம் என்றால் அப்போது பெரும்பாலும் காரீயம் கலந்ததுதான். டாக்டர் வீட்டில் அது சும்மா போகுமா? தேய்த்த தூளை ஊதக் கூடாது, வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சாப்பாட்டு மேசையில் செய்யவே கூடாது என்று அப்பா சட்டம் போட்டார். தூரிகை நுனியைக் கூராக்க உதட்டில் வைத்துச் சப்புவது ஓவியர்களுக்கு உள்ள பழக்கம், பையனுக்கும் தொற்றிக்கொண்டது. அப்பா கண்ணில் பட்ட அன்று கிடைத்த ஏச்சு இன்னும் மறக்கவில்லை. ஆனால் அடுத்த பிறந்தநாளுக்கு அவர் வாங்கி வந்ததும் ஒரு தூரிகைதான். வின்சர் அண்ட் நியூட்டனின் சீரிஸ் 7. 1866-இல் விக்டோரியா ராணிக்காகச் செய்யத் தொடங்கிய வகை, கோலின்ஸ்கி என்ற வீசல் இனப் பிராணியின் வால் முடி. “இதுக்கு நாக்கு வேண்டாம், தானாவே கூராகும்” என்று மட்டும் சொன்னார்.

இந்த இடத்தில் ரசச் சொம்பின் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

ஊரிலிருந்து வந்த அத்தை ஒரு ஈயச் சொம்பு கொண்டுவந்திருந்தாள். ஈயச் சொம்பு ரசத்தின் மகிமை தெரிந்தவர்களுக்கு அதன் ஆபத்தும் தெரியும்: அது சுத்தமான வெள்ளீயம், 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை பயமில்லை, வற்றினால் போயிற்று. ஒரு மாலை அம்மா அடுப்பில் வைத்துவிட்டு டெலிபோனை எடுத்தாள். மறுமுனையில் லீட்ஸ் நகரத்துச் சிநேகிதி. பேச்சு நீண்டது. திரும்பி வந்தபோது அடுப்பின்மேல் வெள்ளிக் குட்டை ஒன்று பளபளத்தது. அம்மா அன்று சாப்பிடவில்லை.

பையனிடம் பிரின்ஸ் ஆகஸ்ட் கம்பெனியின் ரப்பர் அச்சு ஒன்று இருந்தது. அயர்லாந்தில் செய்வது, வீட்டிலேயே உலோகம் உருக்கிச் சிப்பாய் வார்க்கலாம். வாங்கிய நாளாக அப்பா அனுமதிக்காமல் அலமாரியில் கிடந்தது. ஆறிய ஈயத்தைச் சுரண்டி எடுத்த பையன் அதைப் பிடித்துக்கொண்டு அப்பா முன்னால் நின்றான். அவர் யோசித்தார். இது காரீயமில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை; தாயார் வீட்டில் இதில்தான் ரசம் குடித்தவர். ஜன்னலைத் திறந்து, ஒதுக்கிய பழைய வாணலியை எடுத்து, கையுறை மாட்டிக்கொண்டு அவரே உருக்கினார். அச்சில் உலோகம் ஒட்டாமல் பாய்வதற்குப் பவுடர் தூவ வேண்டும்; அம்மாவின் கியூட்டிகூரா உதவியது. முதலில் வந்த ஆளுக்குத் தலை இல்லை. அச்சு சூடேற ஏற, அடுத்தடுத்து வந்தவர்கள் முழுசாக வந்தார்கள்.

டப்பாவின் அடியில் தனித்தாளில் சுற்றியிருந்தவர்கள் அவர்கள்தான். பெயின்ட் படாமல், காரீய ஆட்கள் கறுத்துப்போன பிறகும் மினுங்கிக்கொண்டு. ஏணியில் இறங்கி வந்து அம்மாவின் கையில் ஒன்றைக் கொடுத்தார். எண்பதைத் தாண்டிய அம்மா கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்த்தாள். “இதுதான் என் சொம்பா? இன்னும் மூணு பேர் இருக்கணுமே” என்றாள். மற்றவர்கள் பள்ளிக்கூடத்தில் பண்டமாற்றில் போயிருந்தார்கள்.

நவராத்திரி வந்தால் அந்த வீட்டின் நிலவரமே மாறும். டிரங்குப் பெட்டி, மருத்துவப் புத்தகங்கள், காபி மேசை எல்லாம் படிகளாகி, அவற்றின்மேல் அப்பாவின் வேட்டி விரியும். மரப்பாச்சி, செட்டியார் தம்பதி, கோபியரோடு கிருஷ்ணன், தசாவதாரம். விமானப் பயணத்தில் உடைந்த கைகளெல்லாம் ஒட்டுப் போடப்பட்டவை, ஒட்டியது பையன். ஏர்ஃபிக்ஸ் பசை மண் பொம்மைக்கு உதவாது, அது பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கிற சாமான். மில்லிபுட் என்ற இரட்டைப் பிசின்தான் கை கொடுத்தது. மச்சாவதாரத்தின் செதில்களை ஊசியால் அவன் மறுபடி கீறித் தந்தபோது, ஒட்டு எங்கே என்று அம்மாவுக்கே தெரியவில்லை.

கொலுவுக்குப் பக்கத்தில் பார்க் கட்டுவது வழக்கம். ஊரில் என்றால் மணல் கொட்டி, கடுகு முளைக்க வைத்து, நடுவே மலை எழுப்புவார்கள். நாட்டிங்ஹாம் செப்டம்பர் குளிரில் கடுகு முளைக்குமா என்று அம்மா கவலைப்பட்டாள். கவலையே வேண்டியிருக்கவில்லை, ஈரப் பஞ்சில் கடுகும் கிரெஸ் கீரையும் ஜன்னலோரம் முளைக்கவைப்பது இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களின் நிரந்தரப் பாடம். மலைக்கு மட்டும் மண் இல்லை. பையன் முன்வந்தான். ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியின் தெர்மோகோலை ரொட்டிக் கத்தியால் படிப்படியாக அறுத்து அடுக்கினான். வெள்ளை மணிகள் ஒரு வாரம் வீடு முழுக்கப் பறந்தன. மேலே சுவர்ப்பட்டி, அது காய்ந்ததும் பசை தடவி மணல், அதன்மேல் கரும்பழுப்பு வண்ணம். பிறகு தூரிகையில் வெளிர்நிறம் தொட்டு, துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் வருடுவது. மேடு வெளுக்கும், பள்ளம் இருளும், பாறை நிஜமாகும். போர் மேசைக்கு மலை செய்ய வெள்ளைக்காரப் பையன்களிடம் கற்ற வித்தை. பச்சைச் சாயம் தோய்த்த மரத்தூள் புல்லானது. அம்மாவின் ஒரே நிபந்தனை, படிக்கட்டு இருக்க வேண்டும் என்பது. தீக்குச்சிகள் படியாயின.

நெப்போலியனைத் தோற்கடித்த வாட்டர்லூ போருக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு ஒன்றை அவன் அடிவாரத்தில் நிறுத்திவைத்தான். பெயின்ட் காயவேண்டும், வேறு இடமில்லை.

“டேய், பழனி மலை அடிவாரத்துல வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு என்னடா வேலை?”

“காவல் நிக்கிறாங்கம்மா.”

“வேல் வச்சிருக்கிற சாமிக்குத் துப்பாக்கிக் காவலா? நல்லாத்தான் இருக்கு.”

எடுக்கச் சொல்லவில்லை. சுண்டலுக்கு வந்த டாக்டர் வீட்டு மாமிகள் பட்டாளத்தை விட்டுவிட்டு மலையைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். “மலையை எங்க வாங்கினீங்க? லண்டன்லயா?” என்று ஒருவர் கேட்க, “பையன் பண்ணினது” என்று அம்மா சொன்ன தோரணை தனி. அவனுக்கோ வேறு உறுத்தல். முருகன் மலையில் பாதி உயரம் இருந்தார். பிள்ளையார் தம்பியைவிட மூன்று மடங்கு. சிப்பாய்களோ அவர் எலிக்குச் சமம். அளவு விகிதத்தில் உயிரை வைத்திருந்த பையனால் அதைத் தாங்க முடியவில்லை. அம்மா சிரித்துவிட்டாள்: “சாமி எந்த அளவுல வேணும்னாலும் இருப்பார்டா.” போர் விளையாட்டுக்காரர்களும் அதில் ஒன்றும் யோக்கியமில்லை. பாதத்திலிருந்து கண்வரை 25 மில்லிமீட்டர் என்று தொடங்கியவர்கள் 28-க்குப் போய், இன்று 32 வரை வந்திருக்கிறார்கள். பழைய வீரனைப் புதியவன் பக்கத்தில் நிறுத்தினால் தம்பியாகத்தான் தெரிவான்.

அப்பாவின் மனம் இந்தப் பக்கம் முழுசாகத் திரும்பியது லண்டன் செல்சியில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில். வாட்டர்லூ போரை அப்படியே குறுக்கிச் செய்த வில்லியம் சைபார்னின் மாதிரி அங்கே இருக்கிறது. அந்த ராணுவ அதிகாரி 1830-இல் போர்க்களத்துப் பண்ணை வீட்டிலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, அன்று மாலை ஏழு மணிக்கு உங்கள் படை எங்கே நின்றது, வயலில் என்ன பயிர் இருந்தது என்று கேட்டார். 70,000-க்கும் மேற்பட்ட குட்டி உருவங்களோடு 1838-இல் காட்சிக்கு வைத்தார். உதவிக்கு வந்த பிரஷ்யர்கள் அவ்வளவு முன்னாலேயே வந்துசேர்ந்ததாகக் காட்டியது பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் பிரஷ்ய உருவங்களில் பெரும்பகுதியை சைபார்ன் எடுத்துவிட்டார்.

அப்பா கண்ணாடிக்கு மேல் குனிந்து வெகுநேரம் நின்றார்.

“இதைச் செஞ்சதுக்கு அவருக்கு என்ன கிடைச்சுது?”

“கடன்தான்ப்பா.”

அப்பா தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது கோட்டுப் பையில் ஏதாவது இருக்கும். நாக்கை அழுத்திப் பார்க்கும் மரத்தட்டைகள் வேலியும் பாலமும் ஆயின. கழித்த எக்ஸ்ரே படத்தைக் கழுவினால் ஜன்னல் கண்ணாடி. ஷெஃபீல்டின் ஸ்வான்-மார்ட்டன் அறுவைக் கத்தியை இங்கிலாந்தின் மாதிரிக் கலைஞர்கள் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அவருக்குப் பெருமை தாங்கவில்லை, ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் ஹாலில் கிளப் கூடும். மடக்கு மேசைகள், பச்சைத் துணி, அளக்கும் டேப், பகடை உருளும் சத்தம், ஃபிளாஸ்க்கில் தேநீர். ரயில்வேக்காரர், வரலாற்று ஆசிரியர், தபால்காரர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி என்று எல்லாத் தினுசும். அரை அங்குலத்துக்கு அரை மணி நேரம் வழக்காடுவார்கள். குதிரைப்படை பாய்ந்தால் வேலியைத் தாண்டுமா, வேலி எத்தனை உயரம், அந்த வருடம் அங்கே வேலியே இருந்ததா என்று பேச்சு போகும். ஆட்டம் பாதியில் நிற்கும். ஹாலைப் பூட்டும் நேரம் வந்துவிடும். வாட்டர்லூவில் யார் ஜெயித்தது என்பது அந்த ஹாலில் ஒரு முறைகூட முடிவாகவில்லை என்று அவர் இன்றும் சொல்வார். யாருக்கும் குறையாகவும் படவில்லை. முடிந்து கலையும்போது எதிராளியின் படையில் ஒரு கொடியைக் கையில் எடுத்து, “இந்த நீலம் எப்படிக் கொண்டுவந்தே?” என்று கேட்பதுதான் உண்மையான பரிசளிப்பு. மாதக்கணக்கில் பூசுவார்கள், ஒரு பிற்பகல் ஆடுவார்கள். ஆடாமலேயே வருடக்கணக்கில் பூசிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. அவர்கள்தான் கிளப்பில் அதிகம் மதிக்கப்பட்டவர்கள்.

பிறகு பூதங்கள் வந்தன. மரத்தாலான விளையாட்டுப் பலகைகள் செய்ய லண்டன் ஃபிளாட் ஒன்றில் மூன்று நண்பர்கள் 1975-இல் தொடங்கி, பிறகு ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை ஐரோப்பாவில் விற்ற கேம்ஸ் வொர்க்‌ஷாப், 1979-இல் பிரையன் ஆன்ஸெல்லோடு சேர்ந்து சிட்டடெல் மினியேச்சர்ஸ் என்ற வார்ப்படக் கம்பெனியை நிறுவியது. இடம் நியூவார்க், பையனின் வீட்டிலிருந்து ஏறக்குறைய 20 மைல். 1983-இல் ‘வார்ஹாமர்’ பெட்டி வந்தது. 1987-இல் அதை விண்வெளிக்குத் தூக்கிக்கொண்டுபோன ‘வார்ஹாமர் 40,000’. வைத்திருக்கும் பொம்மைகளுக்கு ஒரு விளையாட்டு இருந்தால் இன்னும் பொம்மை விற்கும் என்ற வியாபாரக் கணக்கிலிருந்து பிறந்தது வார்ஹாமர். ஆனால் பிள்ளைகள் அதில் கண்டது கட்டற்ற சுதந்திரம். நெப்போலியன் படையில் பொத்தான் நிறம் தப்பினால் கிளப் பெரியவர்கள் விடமாட்டார்கள். ஆர்க் பூதத்தின் தோல் என்ன பச்சை என்று யார் சொல்வது? தீர்ந்துபோன டியோடரன்ட் குப்பியைக் கவிழ்த்து, பீரங்கி ஒட்டி, மிதக்கும் டாங்கி செய்வது எப்படி என்று ‘வைட் டுவார்ஃப்’ இதழ் சொல்லிக்கொடுத்தது. அப்பாவின் குப்பி பாதி தீர்வதற்குள் காணாமல் போகத் தொடங்கியது.

கம்பெனி கொஞ்ச காலம் இயங்கிய ஈஸ்ட்வுட், டி. எச். லாரன்ஸ் பிறந்த ஊர். நாவலாசிரியரின் சுரங்க ஊரில் பூத வார்ப்படம்! அங்கே வேலைபார்த்துப் பிரிந்தவர்கள் பக்கத்திலேயே சொந்தக் கடை போட, நாட்டிங்ஹாம் வட்டாரத்துக்கே ‘காரீயப் பட்டை’ என்று பெயர் வந்தது. இரட்டையரான ஆலன், மைக்கேல் பெர்ரி அந்தச் சிற்பிகளில் முக்கியமானவர்கள். 1990-களில் பழங்காலப் போர்க் கோலம் கட்டி நடிக்கும் நிகழ்ச்சி ஒன்றில் பீரங்கி வெடித்து மைக்கேல் வலது கையை இழந்தார். இடது கையால் செதுக்கப் பழகிக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தார். அவருடைய பிற்கால உருவம் ஒன்றையும் முற்கால உருவம் ஒன்றையும் உள்ளங்கையில் வைத்து, எது எந்தக் கை என்று கேட்பது நம்மவருக்கு ஒரு வழக்கம். சரியாகச் சொன்னவர் யாருமில்லை.

காரீயமும் போயிற்று. 1990-களில் நியூயார்க் மாநிலத்தில் காரீயப் பொம்மைகளுக்கு எதிராகச் சட்டப் பேச்சு எழுந்ததும் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வெள்ளீயக் கலவைக்கு மாறின; விலை ஏறியது. “நான் அப்பவே சொன்னேன்” என்றார் அப்பா. அம்மாவுக்கோ, இத்தனை வருடம் கழித்து வெள்ளைக்காரர்கள் ரசச் சொம்புக்கு வந்துசேர்ந்தார்கள் என்பதில் திருப்தி. இன்று மறுபடியும் பிளாஸ்டிக் காலம். பாலித்தீன் இல்லை, வர்ணம் பிடிக்கிற கெட்டி ரகம். அந்தப் பூதக் கம்பெனி 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் வரிசையில் ஏறிவிட்டது.

கிளப்பில் இப்போது முடி நரைத்த தலைகளே அதிகம். போன சில வருடங்களில் அவருக்கு ஒரு புதுப் பொறுப்பு வந்து சேர்ந்திருக்கிறது. நண்பர் ஒருவர் இறந்ததும் அவருடைய மனைவி தொலைபேசியில் அழைத்தார். பின்கட்டு அறையில் தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள், ஆயிரக்கணக்கான வீரர்கள். எடுத்தெடுத்துப் பார்த்து வகைபிரித்தார்கள். ஒவ்வொரு அடித்தட்டின் கீழும் பொடி எழுத்தில் பூசிய மாதமும் பெயின்ட் எண்ணும் இருந்தன. சிலவற்றில் கூடுதலாகச் சில சொற்கள்: ‘சாராவுக்கு அம்மை’, ‘மழை’, ‘வேலைநிறுத்தம்’. சுரங்கத் தொழிலாளி அவர். 1984-85 வேலைநிறுத்த வருடத்தில்தான் ஒரு முழு ஆஸ்திரியப் படையை முடித்திருந்தார், கையில் காசில்லை, நேரம் இருந்தது. பாதி விற்றாகிவிட்டது, நியூவார்க் அருகே நடக்கும் பார்ட்டிசான் கண்காட்சியின் பழைய சாமான் மேசையில். ஆஸ்திரியர்களை மட்டும் அந்த அம்மாள் விற்கச் சம்மதிக்கவில்லை. “அந்த வருஷம் வீட்டுல எங்க பார்த்தாலும் வெள்ளைக் கோட்டு” என்றார்.

பெயின்ட் பூசாத உலோகக் குவியலும் அங்கே இருந்தது. எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். ஒரு ஆயுளுக்குள் பூசி முடிக்க முடியாது என்று தெரிந்தும் வாங்குவார்கள். நம்மவர் அதில் இரண்டு பெட்டியைத் தன் குவியலில் சேர்த்துக்கொண்டார்.

அவருடைய மகளுக்குத் தூரிகையில் பொறுமை இல்லை, அவளுக்குப் பிரிண்டர்தான். கணினியில் உருவம் வரைந்து, திரவப் பிசினில் ஒளி பாய்ச்சி, அடுக்கடுக்காக எழுப்புகிறாள். போன நவராத்திரிக்குப் பாட்டிக்காக ஆறுமுகம் ஒன்று செய்து கொடுத்தாள்: ஆறு முகமும் தனித்தனி பாவம், மயிலின் ஒவ்வொரு பீலியும் தெளிவு. பாட்டி மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தாள். பழைய தெர்மோகோல் மலை இன்னும் இருக்கிறது, எலி கடித்த மூலைக்குப் புதுப் பட்டி போட்டு. இந்த வருடம் மகள் தாத்தாவின் புத்தகங்கள்மேல் அதை ஏற்றிவைத்து, “எந்த அளவு வேணும் பாட்டி? பட்டாளத்துக்குச் சமமா வேணுமா, பெருசா வேணுமா?” என்று கேட்டாள்.

“அளவெல்லாம் உன் இஷ்டம். வேலை மட்டும் கொஞ்சம் தடிமனாப் பண்ணு. போன தடவை துடைக்கும்போதே ஒடிஞ்சு போச்சு.”

அவர் எழுந்துபோய்ப் பரணிலிருந்து இறக்கிய பழைய கருவிப் பெட்டியைத் திறந்தார். ஈட்டி, வேல், கொடிக்கம்பு எதுவானாலும் உருவத்தோடு சேர்த்து வார்த்தால் ஒடியத்தான் செய்யும். கிளப்பில் எல்லாரும் அதை வெட்டி எறிந்துவிட்டு எஃகுக் கம்பி மாட்டுவார்கள். விரலால் சுழற்றும் துளைப்பானில் முக்கால் மில்லிமீட்டர் முனையைப் பொருத்திக்கொண்டு, வேல் ஒடிந்த முருகனின் மூடிய கைக்குள் துளை போட ஆரம்பித்தார். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். “மெதுவாப்பா, விரல் போயிடும்” என்றாள். “போகாது, நேராப் பிடிச்சா போகாது. நீ அந்தக் கம்பியோட நுனியைச் சுத்தியால தட்டி இலை மாதிரி ஆக்கு” என்றார் அவர்.